கொசுறாய்ப் போன குட்டை

சம்பங்கி வேர்வையை வேட்டி நுனியில்தான் துடைத்துக்கொள்வார். தோளில் கிடக்கும் துண்டு தொழிலுக்கு. விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் அந்தத் துண்டுக்கு அடியில் சந்தித்தால்தான் அதற்குப் பேரம் என்று பெயர். மேலே இரண்டு பேரும் மழை வருமா, மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கீழே விரல்கள் விலை பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கையை முழுசாய்ப் பிடித்தால் ஐந்து, சுண்டுவிரலைத் தட்டிவிட்டால் ‘எழுந்து போ’. குடியாத்தம் மாட்டுச் சந்தையில் பழகிய வித்தை. தங்கவயலுக்கு வந்தபின் மாட்டை விட்டு மரத்துக்குத் தாவினார். மாட்டுத் தரகில் விற்கும்வரை தீனி போட்டாக வேண்டும். மரத் தரகில் தீனி தின்பது பாய்லர், தீனிக்குக் காசு கொடுப்பது கம்பெனி, நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் வரும்படி.

அந்த நாளில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்டுக்குள் ஆள் கூண்டை இறக்குவதும், தண்ணீர் இறைப்பதும், கல்லை மாவாக இடிப்பதும் நீராவிதான். நீராவிக்கு விறகு வேண்டும், வண்டி வண்டியாக, ராப்பகலாக. சம்பங்கி வந்த புதிதில் சுற்றுக் குன்றுகளில் கரடி இருந்தது. பொழுது சாய்ந்தால் தனியாள் நடக்கமாட்டான். பிறகு அந்தக் குன்றுகள் வேண்டுதலுக்கு மொட்டை போட்ட தலைகள் மாதிரி ஆகிவிட்டன. கரடி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கரடியும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

மிச்சம் இருந்தது சிந்தலப்பள்ளிப் புளியந்தோப்பு. சம்பங்கியின் வீடும் சிந்தலப்பள்ளியில்தான். ஊருக்குத் தெற்கே ஒரு குட்டை, குட்டைக்கரையில் தோப்பு. பொங்கல் கழிந்ததும் அங்கே நாரைகள் வந்துவிடும். மஞ்சள் மூக்கு, வாலோரம் ரோஜா நிறச் சிறகு, பெண் பார்க்கப்போன இடத்தில் தலை நிமிராத மாப்பிள்ளை மாதிரி ஒரு நிற்பு. கிளைக்குக் கிளை சுள்ளிக் கூடு கட்டி அலகைக் கடகடவென்று தட்டிக்கொண்டிருக்கும். நாற்றம் சொல்லி மாளாது. ஆனால் அந்த எச்சத்தை அள்ளிப் போட்ட வயலில் கேழ்வரகுக் கதிர் குழந்தை முஷ்டி அளவுக்கு வரும் என்பதால் ஊரில் யாரும் மூக்கைப் பொத்தியதில்லை.

கன்னடக்காரர், தெலுங்குக்காரர், வடாற்காட்டிலிருந்து வந்த தமிழர் என்று மூன்று வகையாய்ப் பிரிந்து கிடந்த ஊர் அது. கிணற்றடியில் வாளி வைப்பதில்கூட ஒத்துப்போகாது. ஒத்துப்போன ஒரே விஷயம், நாரைகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்பது. முதல் கூடு எழும்பியதும் பெண்கள் போய்த் தாழ்ந்த கிளையில் கண்ணாடி வளையல் கட்டுவார்கள். அன்றிலிருந்து குஞ்சு பறக்கிறவரைக்கும் ஊரில் மேளம் கிடையாது. கல்யாணம் வந்தால் பக்கத்து ஊரில் போய் வைத்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்தவ வீடுகளில் ஈஸ்டர் பாட்டைக்கூட வாய்க்குள்தான் பாடினார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சத்தம் போடலாமா?

மாசி மாதத்தில் ஒருநாள் காலை, கம்பெனி விறகு யார்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஏனோக் ஜட்காவிலிருந்து இறங்கினார். யார்டுக்கு எஜமான் துரைதான். ஆனால் துரைக்குத் தமிழ் தெரியாது, விறகு வெட்டுகிறவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, இரண்டுக்கும் நடுவில் ஏனோக். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்பெஞ்சு. மற்ற நாட்களில் அவர் எதிரே நாற்காலியே கிடையாது. பல வருஷமாய் ஒருவரை ஒருவர் ஏமாற்றிப் பழகியதில் அவருக்கும் சம்பங்கிக்கும் ஒருமாதிரி சிநேகம்.

“இன்னா சம்பங்கி, உங்கூர்த் தோப்பு நல்லா வளந்துகீதே.”

“ரைட்டர் கண்ணு பட்டா எந்த மரமும் நிக்காதே. இன்னா சேதி?”

“உங்கூர்ப் பட்டேல் சரின்னுட்டாரு. வெட்டு ஆளு வியாழக்கெழம வரான். நீ வண்டிக்கு ஏற்பாடு பண்ணிடு. யார்டுல சுள்ளிகூட இல்ல. பாய்லர் அணஞ்சா தொரை என்னையே தூக்கி உள்ள போட்டுருவாரு.”

“நல்லா எரிவீங்க. ஒடம்புல எண்ணெ அதிகம்.”

ஏனோக் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார். சம்பங்கி தலையாட்டிவிட்டார். தரகன் தலை கேட்காமலே ஆடும், அது தொழிலோடு வந்த நோய்.

திரும்பினால் நிலைப்படியில் தாயம்மா. அவர் மனைவி. கையில் ஈர மாவு.

“மரத்து மேல நாரை கீது” என்றாள்.

“தெரியும்.”

“முட்ட வச்சிகீது. போன வாரந்தான் வளையல் கட்டிட்டு வந்தேன்.”

“வேற மரம் பாத்துக்கும். றெக்க கீதில்ல?”

“எந்த மரம்யா? காமசமுத்திரத்து ஆலமரத்த நீதான் வித்த. ஏரிக்கரைத் தோப்ப நீதான் வித்த. ஒவ்வொரு வாட்டியும் வூட்டுக்கு வந்து நல்ல வெலன்னு சொன்ன. அங்கேருந்து துரத்துனதுங்கதான் இங்க வந்து ஒண்டிகீது. இதையும் வித்துட்டு எந்த ஊருக்கு அனுப்பப் போற?”

பிள்ளை இல்லாத வீடு அது. தாயம்மாவுக்குக் கோபம் வந்தால் சமைக்காமல் இருக்கமாட்டாள். சமைத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். சந்தையில் எத்தனையோ வாயை அடைத்த சம்பங்கிக்கு அடைத்துக்கொண்ட வாயோடு பேரம் பேசத் தெரியாது.

மத்தியானம் தோப்புக்குப் போனார். இதுவரை அவர் மரத்தைக் கீழேதான் பார்த்திருக்கிறார். அடிமரம் எத்தனை பிடி, எத்தனை வண்டி தேறும், உள்ளே பொக்கையா என்று. அன்றைக்கு அண்ணாந்தார். வெயில் உச்சியில் நின்றது. கூட்டின் மேல் ஒரு நாரை இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்து, வெயிலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. முட்டைக்கு நிழல். அவர் கழுத்து வலித்துத் தலையைக் குனிந்தார், மறுபடி நிமிர்ந்தார். அது அப்படியேதான் நின்றது.

“நல்லா மாட்டிகினேன்” என்று மரத்திடம் சொல்லிவிட்டு நேராய்ப் பட்டேல் வீட்டுக்கு நடந்தார். ஊர்த்தலைவரான பட்டேல் முனிசாமப்பாவுக்குத் தோப்பு போவதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. கம்பெனி கேட்டால் மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது, அவ்வளவுதான். “நின் கையே நம் கைப்பா” என்று கன்னடத்தில் சொல்லி, ஊர்ப் பேரத்தைச் சம்பங்கி கையில் ஒப்படைத்தார்.

வியாழனுக்கு முன்பாகவே யார்டில் போய் ஏனோக் எதிரே துண்டை விரித்தார் சம்பங்கி.

“இன்னாத்துக்கு இது? தோப்புதான் முடிஞ்சாச்சே.”

“தோப்பு ஈரமரம் ரைட்டரே. எரியறதவிடப் பொகையறது ஜாஸ்தி. உங்களுக்கு நல்ல சரக்கு தரலாம்னு வந்தேன். மொட்டக் குன்றுல வெட்டுன மரத்தோட வேரெல்லாம் மண்ணுக்குள்ளதானே கீது? வேர்க்கட்டை. காஞ்சி இரும்பாட்டம் கெடக்குது. ஊராளுங்க தோண்டித் தரோம்.”

ஏனோக்கின் புருவம் ஏறியது. வேர்க்கட்டை நின்று எரியும் என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். தோண்ட ஆள் கிடைக்காது என்பதும் தெரியும். கையைத் துண்டுக்குள் விட்டார்.

“போன ஞாயித்துக்கெழம பாதிரி ஐயர் பிரசங்கம் ரொம்ப நீளம்” என்றார் மேலே.

“எதப் பத்தி?” என்றார் சம்பங்கி. கீழே ஏனோக் அவர் கையை முழுசாகப் பிடித்தார். வாரத்துக்கு ஐந்து வண்டி.

“பேராசையப் பத்தி.”

“நல்ல வேள, நீங்க முன்பெஞ்சுல இருந்தீங்க.” சம்பங்கி இரண்டு விரலை மட்டும் நீட்டினார். ஏனோக் சுண்டுவிரலைத் தட்டினார். பிரசங்கம் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்கள். பெஞ்சில் தூங்கி விழுந்த கோயில்பிள்ளை கதை வந்தது. நாலு விரலில் வந்து நின்றது.

“ஆனா ஒண்ணு” என்றார் சம்பங்கி. “குஞ்சு பறக்கற வரைக்கும் தோப்புல கோடாலி படக்கூடாது. பறந்தப்பறம் வந்து கேளுங்க.”

“பறந்தப்பறம் கேக்கமாட்டேன், வெட்டுவேன்.”

“வெட்டுங்க. குஞ்சு பறக்கணும், அவ்ளோதான்.”

கையடித்துக்கொண்டார்கள். பறந்தபின் மழை வரும், சேற்றில் வண்டி இறங்காது, அப்புறம் மறுபடி தை வந்துவிடும், மறுபடி ஒரு துண்டு விரித்தால் போயிற்று என்று சம்பங்கி மனசுக்குள் போட்டிருந்த திட்டம் ஏனோக்குக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கலாம். அவரும் சந்தைக்காரர்தான்.

“சரி, கொசுறு?” என்றார் ஏனோக்.

பேரம் முடிந்தால் வாங்குகிறவன் கொசுறு கேட்பான். காய் வாங்கினால் கறிவேப்பிலை, மாடு வாங்கினால் மூக்கணாங்கயிறு, மரம் வாங்கினால் ஒரு நுகத்தடிக் கட்டை. அதைக் கொடுப்பதில் முகம் சுளிக்கிறவனைச் சந்தையில் வியாபாரி என்று சேர்க்கமாட்டார்கள். கொசுறுக்குத் துண்டு விரிப்பதும் இல்லை, விரல் மடக்குவதும் இல்லை. கேட்டது கையோடு போகும். சம்பங்கி தன் ஆயுசில் கொசுறு இல்லை என்று சொன்னதே கிடையாது. அது அவருடைய பெருமைகளில் ஒன்று.

“கேளுங்க ரைட்டரே. உங்களுக்கு இல்லாததா?”

“பெரிசா ஒண்ணும் இல்ல. புதுசா சைனைட் ஷெட்டு போட்டுகிறாங்களே, பொன்னு எடுத்தப்பறம் சேறும் தண்ணியும் மிஞ்சுது. எங்க வுடறதுன்னு அந்தத் தொரை முழிச்சிகினு கீறாரு. உங்க குட்டை சரிவுல கீது. ஒரு வாய்க்கா வெட்டிக்கறோம்.”

சம்பங்கி ஒரு நிமிஷம் யோசித்தார். யோசிக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது. குடிதண்ணீருக்குக் கிணறு இருக்கிறது. குட்டை எருமை குளிக்கிற இடம். கோடையில் பாதி வற்றிவிடும்.

“மாடு குடிச்சா?”

“ஆவாதுன்னு சொல்றாங்க. கம்பெனி செலவுல சுத்தி முள்வேலி போட்டுத் தரேன்.”

“எவ்ளோ ஒசரம்?”

“இடுப்பளவு.”

“எருமை தாண்டிடும். நெஞ்சளவு போடுங்க.”

“உனக்குக் கொசுறு குடுக்கறதுலயும் லாபம் பாக்கணும்” என்று ஏனோக் எழுந்தார். கொசுறையும் கொடுத்து அதிலும் ஒரு வேலியைக் கறந்துவிட்டோம் என்று சம்பங்கிக்கு நடையே மாறிவிட்டது.

வீட்டில் தாயம்மா பேசினாள். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள்.

“நெசமா வெட்டமாட்டானா?”

“ஏனோக்கு கையடிச்சா மாறமாட்டான்.”

“கொசுறு இன்னா கேட்டான்?”

“குட்டைய.”

“அய்யய்ய. அப்ப எருமைய எங்க கழுவறது?” என்றவள், கிணற்றடியில் ஒரு தொட்டி கட்டிக்கொள்ளலாம் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். 

ஊர் ஆண்கள் ஷிப்ட் முடிந்து வந்து கடப்பாரையோடு குன்றுக்குப் போனார்கள். வேர்க்கட்டை தோண்டுவது மரம் வெட்டுவதைப்போலப் பத்து மடங்கு வேலை. மண் விடாது. தான் விற்ற மரங்களின் வேரைத் தானே பிடுங்க நேர்ந்த சம்பங்கிக்குக் கை கொப்பளித்தது. ‘வெட்டும்போதே இழுத்திருந்தா வந்திருக்கும்’ என்று யாரோ சொன்னதற்கு, ‘அப்ப கூலி உனக்கு யாரு தர்றது’ என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வந்த நாட்கள் அவை. பங்குனி பிறந்ததும் முட்டைகள் பொரித்தன. குஞ்சுகளின் இரைச்சல் ஊர் முழுக்கக் கேட்டது. தாயம்மா தோப்பைத் தாண்டிப் போகும்போது கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனாள்.

வாய்க்கால் வந்தது. சாம்பலைக் கரைத்தாற்போல் தண்ணீர் வந்தது. நெஞ்சளவு முள்வேலி எழுந்தது. அதைப் பார்த்த எருமைகள் திரும்பிப் போயின.

ஊர்ப்பையன்களில் மூத்தவனான மரியகுழந்தை, கல்யாணமாகி இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், சைனைட் ஷெட்டில் தொட்டி கிளறும் வேலையில் இருந்தான். “கை கழுவாம சோறு துன்னாதன்னு தொரை தெனமும் சொல்றாருண்ணா” என்றான் சம்பங்கியிடம். “நான் கோயிலுக்குப் போறதுக்கே கை கழுவறதில்ல. சோத்துக்குக் கழுவுறேன் பாரு.”

“அவ்ளோ அழுக்கா?”

“அழுக்கு இல்லண்ணா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அதான் பயமா கீது.”

சம்பங்கி அதைக் கேட்டு வேலியில் ஒரு இடத்தில் முள் சரிந்திருந்ததை நிமிர்த்தி வைத்தார்.

சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் குட்டை வெள்ளி பூசினாற்போல மினுங்கியது. மீன். அத்தனையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தோப்பு முழுக்கக் குட்டையில் இறங்கியிருந்தது. துரத்திப் பிடிக்க வேண்டாம், அலகை நீட்டினால் போதும். நாரைகள் அப்படிச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மரியகுழந்தையின் மனைவி கூடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் அவளைத் தலைமயிரைப் பிடித்து நிறுத்தினான். அவன் முகத்தைப் பார்த்து அவள் திட்டாமல் நின்றுவிட்டாள்.

சம்பங்கி வேலியருகே நின்றார். ஒரு நாரை தண்ணீர் குடித்தது, கழுத்தை நீட்டி விழுங்கியது, பிறகு மெல்ல உட்கார்ந்தது. நாரை தண்ணீரில் உட்காராது. அதன் கால்கள் உட்காருவதற்குச் செய்ததல்ல. பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்தது. அதன் சிறகு பாதி விரிந்து தண்ணீர் மேல் படுத்துக்கொண்டது.

அவர் கத்தினார். அந்தப் பருவத்தில் அந்த ஊரில் யாரும் போடாத சத்தம். வேலியைத் தாண்டப் பார்த்தார். நெஞ்சளவு. முள் துண்டைப் பிடித்து இழுத்தது, சதையையும் பிடித்தது. அவரே பேசி உயர்த்தின வேலி. நாலுகால் பிராணி ஒன்றுகூட உள்ளே போக வழியில்லாமல் கட்டச் சொல்லியிருந்தார். மேலேயிருந்து வருகிறவற்றுக்கு வேலி ஏது? 

நாரை மரத்தில் படுக்கும், குட்டையில் சாப்பிடும். ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. எத்தனை வருஷமாய் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த சங்கதி. தாய்வீடு வந்த பெண்ணுக்குப் படுக்க இடம் பேசி வாங்கிவிட்டு அடுப்பங்கரையைத் தூக்கி எதிராளிக்குக் கொசுறாய்க் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. முள்ளில் மாட்டின துண்டை விட்டுவிட்டு யார்டுக்கு ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்து துண்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினார். துண்டு இல்லாமல் பேசத் தெரியாது அவருக்கு.

“கொசுறத் திருப்பிக் குடுங்க ரைட்டரே.”

ஏனோக் சிரிக்கத் தொடங்கி, அவர் நெஞ்சில் ரத்தத்தைப் பார்த்து நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். கேட்டபின் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

“இத்தன வருசத்துல கொசுறத் திருப்பிக் கேட்ட ஆள நான் பாத்ததில்ல.”

“வேர்க்கட்டை ரெண்டு பங்கு தரேன். நாங்க ராத்திரியும் தோண்டுறோம். அடுத்த வருசம் தோப்பையே எடுத்துக்குங்க, நானே வண்டி வைக்கறேன். குஞ்சு பறக்கற வரைக்கும் வாய்க்கால மட்டும் அடச்சி வைங்க.” துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்.

ஏனோக் கையை நீட்டவில்லை.

“துண்ட மடி சம்பங்கி. என் கையில ஒண்ணும் இல்ல. வெறகுதான் என்னுது. சைனைட்டு வேற தொரை. அந்த ஷெட்டு நின்னா மில்லு நிக்கும். கொக்கு குருவிக்காக நிறுத்துன்னு நான் எந்த வாயால போய்ச் சொல்றது?”

“ஆவாதுன்னு தெரிஞ்சிதானே கேட்டீங்க?”

“மாட்டுக்கு ஆவாதுன்னு சொன்னாங்க. நீ மாட்டத்தான் கேட்ட. நான் வேலி போட்டுக் குடுத்தேன்.” பிறகு, “எனக்கும் தோணலப்பா” என்றார் தாழ்ந்த குரலில்.

துண்டுக்கு அடியில் சம்பங்கியின் கை தனியாக இருந்தது. எடுத்துக்கொண்டார்.

ஊரார் வாய்க்காலில் மண் கொட்டி அடைத்தார்கள். மறுநாள் கம்பெனிக் காவலாள் வெட்டித் திறந்தான். மண் போட்டது யார் என்று விசாரித்து மரியகுழந்தையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இனி என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது. நாரைகளைத் தண்ணீரில் இறங்கவிடாமல் துரத்துவது தவிர வேறு வழி இல்லை. துரத்துவதென்றால் சத்தம். அந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தாயம்மாதான் வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து வந்தாள். குட்டைக்கரையில் நின்று ஒரு கட்டையால் அடித்தாள். முதல் அடி மெதுவாக விழுந்தது. பிறகு மற்ற பெண்கள் தட்டு, தாம்பாளம், உலக்கை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

குட்டையில் இறங்கவிருந்த நாரைகள் எழும்பின. பேத்தமங்கலம் ஏரிப்பக்கம் போயின. இரை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தவற்றுக்கும் குட்டைமேல் தாழப் பறக்கும் பழக்கம் போகவில்லை. மறுபடி டின். சத்தத்துக்குக் குட்டை எது, கூடு எது என்று தெரியாது. கரையில் அடித்தது தோப்பில் கேட்டது. கூட்டில் நிழல் பிடித்துக்கொண்டிருந்தவையும் மிரண்டு எழும்பின, சுற்றின, இறங்கின, மறுபடி எழும்பின. நாளுக்கு நாள் எழும்பியவற்றில் குறைவாகவே திரும்பின. டின்னை அடித்தால் கூட்டுக்கு வராமல் போகின்றன, அடிக்காவிட்டால் குட்டைக்கு வந்து சாகின்றன. அடிக்கலாமா வேண்டாமா என்று பெண்களுக்குள் சண்டை வந்தது. ஒரு கை அடிக்க இன்னொரு கை அதைப் பிடித்து நிறுத்திற்று.

தோப்பிலிருந்து குஞ்சுகள் கத்தின. சம்பங்கி ஏரியிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவர ஆள் வைத்தார். மரம் ஏறத் தெரிந்தவர்கள் கூடையோடு ஏறினார்கள். கூட்டருகே மனிதன் தலை தெரிந்ததும் குஞ்சுகள் பின்வாங்கி விளிம்புக்குப் போய் விழுந்தன. விழுந்தவற்றைத் தாயம்மா வைக்கோல் பரப்பிய கூடையில் வைத்து வாயைப் பிளந்து மீனை ஊட்டினாள். சில வாங்கிக்கொண்டன. இரண்டு மூன்று நாள் வீட்டு முற்றத்தில் நின்றுகூடப் பார்த்தன. வெயில் ஏறினபோது அவற்றுக்கு மேல் சிறகு விரிக்க ஆள் இல்லை. தாயம்மா புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சித்திரை முடிவதற்குள் தோப்பில் சத்தம் நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் கிணற்றடியில் நின்றவர்களுக்கு ராட்டினம் கிறீச்சிடுவது தெளிவாய்க் கேட்டது. அப்போதுதான் தெரிந்தது.

வேர்க்கட்டை மட்டும் பேசினபடி போய்க்கொண்டிருந்தது. சம்பங்கி ஒரு வண்டியும் குறைக்கவில்லை.

ஆடியில் ஏனோக் வந்தார். இந்தத் தடவை ஜட்காவை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். தோப்பில் பழைய கூடுகள் சுள்ளி உதிர்ந்துகொண்டிருந்தன. தாழ்ந்த கிளையில் வளையல்கள் அப்படியே கிடந்தன.

“நாரை போயிருச்சு” என்றார் ஏனோக்.

“ஆமா.”

“வெட்டு ஆள அனுப்பவா?”

“பேரம் இன்னா ரைட்டரே?”

“குஞ்சு பறக்கற வரைக்கும்.”

“பறந்துச்சா?”

ஏனோக் அண்ணாந்து கூடுகளைப் பார்த்தார்.

“ஒண்ணு பறந்துச்சுன்னு சொல்லுங்க” என்றார் சம்பங்கி. “ஒண்ணே ஒண்ணு. கோடாலிய நானே எடுத்துத் தரேன்.”

ஏனோக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். துரையின் உத்தரவு என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே தோப்பு யார்டில் கிடக்கும். அவர் சொல்லவில்லை. கையடித்த பேச்சு அவருக்கும் பேச்சுதான். மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“காவேரியிலேருந்து கரண்டுக் கம்பி இழுக்கறாங்களாம். கம்பிலயே இஞ்சின் ஓடுமாம். அடுத்த வருசமோ அதுக்கடுத்த வருசமோ பாய்லரே வேணாங்கறாங்க. அப்பால வெறகும் வேணாம், ரைட்டரும் வேணாம்.”

“அப்படியா” என்றார் சம்பங்கி.

மொட்டைக் குன்றுகள் எதிரே வரிசையாய் நின்றன. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றார்கள். பிறகு ஏனோக் ஜட்காவுக்கு நடந்தார்.

தோப்பு நின்றது. மழையில் தளிர்த்தது, காய்த்தது. அந்த வருஷம் புளி நன்றாய் விளைந்தது என்று ஊரில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வயலில் கேழ்வரகு அவ்வளவாய் இல்லை.

பொங்கல் கழிந்தது. பெண்கள் யாரும் வளையல் வாங்கவில்லை. ஒருநாள் காலை வடக்கே வானத்தில் வெள்ளையாய்ச் சில புள்ளிகள் தெரிந்தன. கிட்ட வந்தபோது மஞ்சள் மூக்கு தெரிந்தது. முன்பெல்லாம் வந்த கூட்டத்தில் ஒரு மூலைகூட இல்லை. தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டன, இன்னொரு வட்டம் போட்டன, தாழ்ந்தன. கிளைகள் அங்கேயே இருந்தன. கீழே குட்டை நிறையச் சாம்பல் நிறத் தண்ணீர், வெயில் பட்டு அழகாய் மினுங்கிக்கொண்டிருந்தது.

சம்பங்கி வீட்டுக்குள் போய் டின்னை எடுத்துக்கொண்டு வந்தார். தாயம்மா வாசலில் நின்றாள். தடுக்கவில்லை. அவர் தோப்புக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே அடித்தார். நாரைகள் சிதறின, கூடின, மறுபடி சுற்றி வந்தன. வந்த இடம் மறந்துபோகுமா? கை சோர்ந்து அவர் ஒரு கணம் நிறுத்தினார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பின்னால் தாயம்மாவின் குரல் கேட்டது. 

“நிறுத்தாதய்யா. இன்னும் பலமா அடி. தாழ்ந்த கெளையில ஒண்ணு ஒக்காந்துகீது.”